சரளை மண்ணுக்கு ஒரு ரேடியோ கார்

திருவண்ணாமலை மலையடிவாரத்து ஊரான அடி அண்ணாமலையில் ரேடியோ கார் ஓட்ட ஆசைப்படுகிறவர் கண்ணில் முதலில் படுவது கிரிவலப் பாதைதான். மலையைச் சுற்றி 14 கிலோமீட்டர் நீளும் அந்தச் சாலை ஊரைத் தொட்டுக்கொண்டு போகிறது. கல் தட்டாத தரை, இரவிலும் வெளிச்சம். சின்னக் காருக்கு இதைவிட நல்ல ஓடுதளம் வேண்டுமா என்று தோன்றும். அங்கேதான் ஓட்டக்கூடாது. காரணம் பக்தி மட்டும் அல்ல. 2 கிலோ எடையுள்ள கார் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் போனால் அதன் இயக்க ஆற்றல் ஏறத்தாழ 120 ஜூல். 160 கிராம் கிரிக்கெட் பந்தை ஒரு வேகப்பந்து வீச்சாளர் 140 கிலோமீட்டரில் எறிந்தால் அதற்கும் அதே ஆற்றல்தான். வெறுங்காலோடு நடந்து வருகிறவரின் கணுக்கால் உயரத்தில் அந்தப் பந்து வந்தால் என்ன ஆகும்? பௌர்ணமிக்குத்தானே கூட்டம், மற்ற நாளில் ஓட்டலாமே என்பதும் சரிப்படாது. அந்தப் பாதையில் ஆள் நடக்காத நாளே இல்லை.

ஆகவே சாலையை விட்டுவிட்டு மண்ணில் இறங்க வேண்டும். அறுவடை முடிந்த களத்துமேடு, கோடையில் வற்றிக் கிடக்கும் ஏரி உள்வாய், அனுமதி கிடைத்தால் பள்ளி மைதானம். காப்புக்காட்டுப் பக்கம் போக வேண்டாம். மலையடிவார மண் செம்மண்ணும் சரளையும் கலந்தது. நெல்லிக்காய் அளவுக் கல் தாராளமாகக் கிடக்கும். எந்தக் கார் வாங்கலாம் என்ற கேள்விக்குப் பாதி விடை இந்தக் கல்லிலேயே இருக்கிறது. ஆனால் பெரும்பாலானவர்கள் பெட்டியில் அச்சடித்த வேகத்தைப் பார்த்துத்தான் காரை வாங்குகிறார்கள்.

கல்லை முதலில் கணக்குப் பார்த்துவிடுவோம். ஒரு சக்கரம் படி ஒன்றில் ஏற வேண்டுமானால் அதை முன்னோக்கித் தள்ள ஒரு விசை வேண்டும். சக்கரத்தின் ஆரமும் படியின் உயரமும் தெரிந்தால் பள்ளிக்கூட வடிவியலை வைத்தே அந்த விசையைச் சொல்லிவிடலாம். தார்ச்சாலைக்கென்று செய்த 1/10 அளவு டூரிங் காரின் சக்கரம் ஏறத்தாழ 64 மில்லிமீட்டர் விட்டம் கொண்டது. 10 மில்லிமீட்டர் கல் எதிர்ப்பட்டால், அந்தச் சக்கரத்தின் மேல் எவ்வளவு எடை இருக்கிறதோ அதைவிடச் சற்று அதிகமான விசை தேவை. 20 மில்லிமீட்டர் கல்லாக இருந்தால் எடையைப்போல் இரண்டரை மடங்கு. ஷார்ட் கோர்ஸ் டிரக் என்ற வகையின் சக்கரம் 110 மில்லிமீட்டர். அதே 10 மில்லிமீட்டர் கல்லுக்கு அதன் எடையில் 70 சதவீத விசை போதும்; 20 மில்லிமீட்டர் கல்லுக்கும் எடையைப்போல் 1.2 மடங்குதான். போதாக்குறைக்கு டூரிங் காரின் அடித்தட்டு பந்தயத்தில் தரையிலிருந்து 5, 6 மில்லிமீட்டர் உயரத்தில்தான் இருக்கும். நம் ஊர்ச் சரளையில் அது கார் அல்ல, மண்வெட்டி.

டாமியா நிறுவனத்தின் டி.டி.-02 போன்ற டூரிங் கார்களைப் புதியவர்களுக்கு உலகமெங்கும் சிபாரிசு செய்கிறார்கள். நல்ல கார்தான், நானும் மறுக்கவில்லை. ஆனால் அது கம்பளம் விரித்த அரங்குக்கும் வழவழப்பான வாகன நிறுத்தத்துக்கும் உரியது. சென்னையில் அடுக்குமாடிக் குடியிருப்பின் தரைத்தளம் கைவசம் இருப்பவர் வாங்கலாம். அடி அண்ணாமலைக்காரர் பார்க்க வேண்டியது பக்கி, ஷார்ட் கோர்ஸ் டிரக் என்ற இரண்டு வகைகளை. பக்கி தாழ்ந்து, சக்கரம் வெளியே தெரிய, மூலையில் நன்றாகத் திரும்பும். டிரக்குக்கு உடல் ஓடு சக்கரங்களையும் மூடியிருப்பதால் இரண்டு கார்கள் உரசும்போது சக்கரம் சக்கரத்தில் மாட்டிக்கொள்வது குறைவு. முதல் பந்தயங்களில் உரசல் எவ்வளவு நடக்கும் என்பதை எண்ணிப் பார்த்தால் இது சின்ன விஷயம் அல்ல. ட்ராக்சஸ் நிறுவனத்தின் ஸ்லாஷ் 2008இல் வந்தபோது இந்த வகை பரவியதற்கு இந்த ஓடும் ஒரு காரணம். பின் சக்கரம் மட்டும் இழுக்கும் மாடல் விலை குறைவு, உள்ளே உடையக்கூடிய பாகமும் குறைவு. ஆனால் தளர்ந்த சரளையில் கொஞ்சம் அவசரப்பட்டு விசையை அழுத்தினாலே பின்பக்கம் சுழன்றுவிடும். நான்கு சக்கர இழுவை அதை மன்னிக்கும். சரளைக்கு நான்கு என்பது என் கட்சி. சிக்கனத்துக்காக இரண்டை எடுப்பவரைக் குறை சொல்ல மாட்டேன், அவருக்கு விரல் நுனி சீக்கிரம் பழகும்.

இனி வேகம். பெட்டியில் 60 கிலோமீட்டர் என்று போட்டிருக்கும். கடைக்காரர் ஒரு படி மேலே போய், 'பத்தில் ஒரு பங்கு கார் சார், நிஜக் காருக்கு 600 கிலோமீட்டர் மாதிரி' என்பார். நீளத்தைப் பத்தால் வகுத்தோம், வேகத்தைப் பத்தால் பெருக்குவோம் என்ற கணக்கு அது. புவியீர்ப்பு மட்டும் இந்தக் கணக்குக்குக் கட்டுப்படாது. காரைச் சின்னதாக்கலாம், பூமியின் இழுப்பைச் சின்னதாக்க முடியாது. கப்பல் மாதிரிகளை நீர்த்தொட்டியில் இழுத்துப் பார்த்த இங்கிலாந்துப் பொறியாளர் வில்லியம் ஃப்ரூட் 19ஆம் நூற்றாண்டிலேயே இதைத் தீர்த்துவைத்தார்: நீளம் பத்து மடங்கு குறைந்தால், அசைவுகள் ஒத்துப்போக வேகம் பத்தின் வர்க்கமூலம், அதாவது 3.16 மடங்கு குறைய வேண்டும். அப்படிப் பார்த்தால் 1/10 கார் 40 கிலோமீட்டரில் போவது நிஜக் கார் 126 கிலோமீட்டரில் போவதற்குச் சமம். கடைக்காரரின் 600 உண்மையில் 190. மண் தரையில் 190 போதாதா?

இதே விதி நேரத்தையும் சுருக்குகிறது. புதிதாக ஓட்டுகிறவருக்கு அங்கேதான் சிரமம். நிஜக் கார் ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து மேட்டைத் தாண்டி விழுந்தால் தரையைத் தொட அரை வினாடிக்கு மேல் ஆகும். 15 சென்டிமீட்டர் துள்ளிய மாதிரிக் கார் 0.175 வினாடியில் விழுந்துவிடும். கண் பார்த்து, மூளை தீர்மானித்து, விரல் அசைய நமக்குக் கால் வினாடி வேண்டும். அதாவது கார் துள்ளியது தெரிந்து நாம் ஏதாவது செய்வதற்குள் அது இறங்கியாயிற்று, அல்லது கவிழ்ந்தாயிற்று. விலை கூடிய ரேடியோவும், சக்கரத்தைத் திருப்பும் சர்வோவும் போட்டால் இந்தத் தாமதம் குறையும் என்று விளம்பரம் சொல்லும். ரேடியோவின் தாமதம் வினாடியின் நூறில் இரண்டு பங்குக்குள் அடங்கிவிடுகிறது. சங்கிலியில் மிக மெதுவான கண்ணி நாம்தான். 40 கிலோமீட்டரில் கால் வினாடி என்றால் 2.8 மீட்டர்; 80இல் 5.6 மீட்டர். பிரேக் பிடித்தபின் நிற்க ஆகும் தூரம் வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். ஓரளவு பிடிமானமுள்ள மண்ணில் 40க்கு 10 மீட்டர் என்றால், 80க்கு 40 மீட்டர். களத்துமேடு அங்கேயே முடிந்துவிடும்.

கண்ணுக்கும் ஒரு எல்லை உண்டு. 44 சென்டிமீட்டர் நீளமுள்ள பக்கி 50 மீட்டர் தள்ளிப் போனால் வானத்துப் பௌர்ணமி நிலா எவ்வளவு கோணத்தில் தெரியுமோ, அதே அரை டிகிரியில்தான் தெரியும். முன்பக்கம் எது, பின்பக்கம் எது என்பது அந்தத் தூரத்தில் ஊகம். போதாததற்கு, கார் நம்மை நோக்கி வரும்போது இடமும் வலமும் மாறிவிடும். ஸ்டியரிங்கை வலப்பக்கம் திருப்பினால் கார் நம் பார்வையில் இடப்பக்கம் போகும். ரோஜர் ஷெப்பர்டும் ஜாக்குலின் மெட்ஸ்லரும் 1971இல் வெளியிட்ட ஒரு புகழ்பெற்ற ஆய்வில், ஓர் உருவத்தை மனத்துக்குள் திருப்பிப் பார்க்க ஆகும் நேரம் திருப்ப வேண்டிய கோணத்துக்கு ஏற்ப நேர்விகிதத்தில் கூடுவதைக் கண்டார்கள். எதிரே வரும் கார் 180 டிகிரி. அதுதான் ஆக அதிக நேரம். பழகியவர்கள் இந்தத் திருப்பலைச் செய்வதே இல்லை, காருக்குள் உட்கார்ந்துவிடுகிறார்கள். அதற்கு ஒரே வழி, இரண்டு செங்கல்லை வைத்து அவற்றைச் சுற்றி எட்டுப் போடுவது. மெதுவாக, இரண்டு திசையிலும். மோட்டார் வாகன ஆய்வாளர் முன்னால் பைக்கில் போட்ட அதே எட்டு.

இந்த இடத்தில் ஏரிக்கரை கைகொடுக்கும். தரையில் நின்று பார்க்கிறவரின் கண் சுமார் 1.6 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 30 மீட்டர் தொலைவில் ஓடும் காரை அவர் வெறும் 3 டிகிரி சாய்வில் பார்க்கிறார். வளைவுகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து தெரியும். ஒன்றரை மீட்டர் மேலே ஏறி நின்றால் சாய்வு ஏறக்குறைய இரட்டிப்பாகிவிடும், தடம் விரிந்து தெரியும். சர்வதேசப் பந்தயங்களில் ஓட்டுநர்களை மேடை போட்டு ஏற்றி நிறுத்துவது இதற்காகத்தான். ஏரி உள்வாயில் தடம் அமைத்தால் கரையே மேடை.

பொம்மைக்கும் பந்தயக் காருக்கும் வேறுபாடு எங்கே என்று கேட்பார்கள். தோற்றத்தில் இல்லை. திருவிழாக் கடைக் காரின் சக்கரம் முழுதாக இடம் அல்லது முழுதாக வலம் என்று மட்டுமே திரும்பும். பந்தயக் காரில் நீங்கள் எவ்வளவு திருப்புகிறீர்களோ அவ்வளவு. ரிசீவர் சர்வோவுக்கு அனுப்பும் துடிப்பின் அகலம் 1 மில்லிவினாடி என்றால் ஒரு கோடி, 2 மில்லிவினாடி என்றால் மறு கோடி, 1.5 என்றால் நேர். இடையில் எத்தனை நிலை வேண்டுமானாலும் உண்டு. அந்தத் துடிப்பைச் சுமக்கும் அலையும் மாறிவிட்டது. முன்பு 27 மெகாஹெர்ட்ஸில் ஓடிய காலத்தில் ஒரே அலைவரிசைப் படிகம் போட்ட இரண்டு பேர் ஒரே நேரத்தில் ஓட்ட முடியாது. ஒருவர் காரை இன்னொருவர் ரிமோட் இழுத்துக்கொண்டு போகும். இன்றைய ரிமோட்கள் 2.4 கிகாஹெர்ட்ஸில் அலைவரிசை தாவித் தாவிப் பேசுகின்றன, ஒவ்வொன்றும் தன் ரிசீவரை மட்டும் அடையாளம் காணும். குறைந்த திறன் கருவிகளுக்கு இந்த அலைவரிசையில் உரிமம் தேவையில்லை என்று இந்திய அரசு 2005இல் விதி செய்துவிட்டது. ரேடியோவைப் பற்றி முதல் காருக்கு இதற்கு மேல் கவலைப்பட ஒன்றுமில்லை.

மோட்டாரும் பேட்டரியும் அப்படி அல்ல, அங்கே கவலைப்பட வேண்டும். கார்பன் தூரிகை தேயும் பழைய வகை மோட்டார் விலை குறைவு, வேகம் மிதம். தூரிகை இல்லாத பிரஷ்லெஸ் மோட்டார் வேகமானது, தேய்மானம் குறைவு. அதன்மேல் எழுதியிருக்கும் கே.வி. என்ற எண் ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்தில் எத்தனை சுற்று என்பதைச் சொல்கிறது. 3,300 கே.வி. மோட்டாருக்கு 7.4 வோல்ட் கொடுத்தால் 24,420 சுற்று. பற்சக்கரங்கள் அதைப் பத்தில் ஒன்றாக்கி 85 மில்லிமீட்டர் சக்கரத்துக்குக் கொண்டுபோனால் மணிக்கு 39 கிலோமீட்டர். இது பளு இல்லாத கணக்கு, நிஜத்தில் குறையும். இந்தக் கணக்கைக் கடையில் நின்றே போடலாம். பெட்டி சொல்லும் வேகம் பொருந்துகிறதா என்பதும் தெரிந்துவிடும்.

வெயிலைப் பெட்டி கணக்கில் எடுப்பதில்லை. மோட்டார் ஒன்று சுற்றுப்புறத்தைவிட 45 டிகிரி கூடுதலாகச் சுடுகிறது என்று வையுங்கள். 25 டிகிரி ஊரில் அது 70இல் நிற்கும்; சித்திரை மாதத்துத் திருவண்ணாமலையில் 85ஐத் தொடும். பிரஷ்லெஸ் மோட்டாருக்குள் இருக்கும் நியோடிமியம் காந்தத்தில் சாதாரண ரகத்துக்கு 80 டிகிரிதான் எல்லை. அதைத் தாண்டினால் காந்தம் நிரந்தரமாகச் சத்து இழக்கும். ஐரோப்பாவில் ஒருவர் பரிந்துரைத்த பற்சக்கர அளவை இங்கே அப்படியே போடுகிறவர் மோட்டாரை எரிப்பது இதனால்தான். மோட்டார் அச்சில் இருக்கும் சின்னச் சக்கரத்தை, பினியன் என்பார்கள், ஒன்றிரண்டு பல் குறைவாகப் போட்டால் சூடு அடங்கும். தூசியும் வெயிலுக்குச் சளைத்ததல்ல. மணலில் பெரும்பகுதி குவார்ட்ஸ், கடினத்தில் சாதாரண எஃகையும் கீறும். ரப்பர் மூடியுள்ள பேரிங் போட்ட கார்தான் இங்கே தாக்குப்பிடிக்கும்.

லித்தியம் பாலிமர் பேட்டரியை லிப்போ என்கிறார்கள். ஒரு செல்லுக்கு நிறைந்தால் 4.2 வோல்ட், 3க்குக் கீழே இறங்கினால் கெட்டுவிடும், பயன்படுத்தாமல் வைக்க 3.8. இரண்டு செல் போதும், மூன்று செல் எடுக்கும் என்று பெட்டியில் போட்டிருந்தாலும். 5,000 மில்லி ஆம்பியர் மணி பேட்டரியை 5 ஆம்பியரில், செல்களைச் சமப்படுத்தும் சார்ஜரில் ஏற்ற வேண்டும். உள்ளிருக்கும் கரைப்பான் எரியக்கூடியது. உப்பிய பேட்டரியைச் சார்ஜில் போடவே கூடாது, நல்ல பேட்டரியையும் போட்டுவிட்டுத் தூங்கப் போகக்கூடாது. அக்னித் தலத்தில் இருந்துகொண்டு இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. மண்சட்டிக்குள் வைத்து, வாசலில், ஆள் பக்கத்தில் இருக்கும்போது ஏற்றுங்கள். சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு 7.2 வோல்ட் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பேட்டரியே நல்லது. கொஞ்சம் கனம், கொஞ்சம் மந்தம், நிம்மதி அதிகம்.

பிறகு உடைவது. சின்னக் கார் உடையாது என்று ஒரு நம்பிக்கை உண்டு, அதில் பாதி உண்மை. நீளம் பத்தில் ஒன்றானால் எடை ஆயிரத்தில் ஒன்றாகிறது, பாகங்களின் குறுக்குவெட்டு நூறில் ஒன்றுதான் ஆகிறது. 1,500 கிலோ கார் 1.5 கிலோவாகச் சுருங்குகிறது, ஆனால் தன் எடையோடு ஒப்பிட்டால் அதன் எலும்பு பத்து மடங்கு உறுதி. கலிலியோ 1638லேயே எழுதிய கணக்கு இது. திண்ணையிலிருந்து விழுந்த கார் எழுந்து ஓடுவதற்கு அதுவே காரணம். ஆனால் நிஜக் காரை யாரும் ஒரே மாலையில் பத்துத் தடவை கிணற்று மேடையில் மோதுவதில்லை. முன் சக்கரத்தைத் தாங்கும் கைகள், சர்வோவின் பற்கள், அச்சு முனைகள், இவை போகும். போகட்டும் என்றுதான் பிளாஸ்டிக்கில் செய்கிறார்கள். கை உடைந்தால் அடித்தட்டு தப்பிக்கும். அலுமினியக் கைகளை வாங்கி மாட்டிப் பெருமைப்படுகிறவர் அடுத்த மோதலில் அடித்தட்டையே மாற்றுவார்.

அதனால் கார் வாங்கும்முன் அதன் முன் கை தனியாகக் கிடைக்குமா, எத்தனை நாளில் வரும் என்று விசாரிக்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து வரவழைப்பது எளிதல்ல. பொம்மைகளுக்கான இறக்குமதி வரி 2020இல் 20இலிருந்து 60 சதவீதமாகவும், 2023இல் 70 ஆகவும் ஏறியது. தனியாக அனுப்பும் லித்தியம் பேட்டரியைப் பயணிகள் விமானத்தில் சரக்காக ஏற்ற 2016 முதல் சர்வதேசத் தடை இருக்கிறது. நம் கூரியரில் தரைவழியாக வரக்கூடியதை நம்பித்தான் தேர்வு செய்ய வேண்டும்.

உள்ளூரில் கிடைப்பதை நம்பிப் பந்தயத்தில் இறங்கும் யோசனை தமிழ்நாட்டுக்குப் புதிது அல்ல. கோவையைச் சேர்ந்த எஸ். கரிவரதன் 1980களின் இறுதியில் ஃபார்முலா மாருதி என்ற ஒற்றை இருக்கைப் பந்தயக் காரை வடிவமைத்தார். மாருதி எஞ்சின், ஊர்ப் பட்டறையில் தெரிந்த பாகங்கள், எல்லோருக்கும் ஒரே மாதிரிக் கார். அவருக்கு முன்னால் சோழவரத்தில் விமான ஓடுதளத்தில் பந்தயம் நடந்த காலத்தில் கார் என்பது வசதியுள்ளவர் சமாசாரம். ஃபார்முலா மாருதி வந்தபின் புதியவர் ஒருவர் செலவுக்குப் பயப்படாமல் பந்தயத்தில் இறங்க முடிந்தது. 2005இல் ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயன் அந்தக் காரில் தொடங்கியவர்தான். கரிவரதன் 1995இல் மறைந்தார். கோவையில் இன்றிருக்கும் கரி மோட்டார் ஸ்பீட்வே அவர் பெயரைத் தாங்கியது.

அடி அண்ணாமலையில் மூன்று நான்கு பேர் சேர்ந்தால் இதையே செய்யலாம். ஆளுக்கொரு விதமாக வாங்காமல் ஒரே மாடல், ஒரே மோட்டார், ஒரே டயர். உதிரிப் பாகங்களைப் பொதுவில் ஒரு டப்பாவில் போட்டுவைத்தால் ஒருவருக்கு உடைந்ததற்காக எல்லோரும் வீடு திரும்ப வேண்டாம். கையிலிருக்கும் பணத்தில் மூன்றில் இரண்டு பங்கைக் காருக்கும் மீதியைப் பேட்டரி, சார்ஜர், உதிரிக்கும் வையுங்கள். மொத்தத்தையும் காரில் போட்டவர் இரண்டாவது வாரத்தில் பார்வையாளர் ஆகிவிடுவார்.

தடத்துக்குப் பழைய சொட்டுநீர்க் குழாய் போதும், தரையில் படுக்கவைத்து வளைவு காட்டலாம். கைப்பேசியில் நேரம் பார்க்க ஒருவர், கவிழ்ந்த காரை நிமிர்த்த ஒருவர். முதல் நாட்களில் யார் வேகம் என்று பார்க்காதீர்கள். ஒவ்வொருவரும் பத்துச் சுற்று ஓட்டி, தன் வேகமான சுற்றுக்கும் மெதுவான சுற்றுக்கும் எவ்வளவு இடைவெளி என்று எழுதிவைக்கட்டும். தொடக்கத்தில் அது பல வினாடிகள் இருக்கும், கவிழாத சுற்றுகளை மட்டும் எடுத்தாலும்கூட. அந்த இடைவெளி ஒரு வினாடிக்குள் வந்தபிறகு, வெயில் தாழ்ந்த மாதமாகவும் இருந்தால், 17 பல் பினியனைக் கழற்றி 18 போட்டுப் பார்க்கலாம். வேகம் 6 சதவீதம் கூடும். ஐந்து நிமிடம் ஓட்டிவிட்டு மோட்டாரைத் தொட்டுப் பாருங்கள். விரலை வைத்திருக்க முடியவில்லை என்றால் பழைய பினியனையே மாட்டிவிட வேண்டியதுதான்.